பத்து ரூபா தண்டமும் பறிபோகும் பாதுகாப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் தங்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில், ஏ9 வீதியோரமாக உள்ள ஒரு வீட்டில் பாலியல் தொழில் நடப்பதாகக் கூறிப் பொலிஸார் அதை முற்றுகையிட்டு மூன்று பெண்களைக் கைது செய்த செய்தி வெளியாகியிருந்தது. அந்தப் பெண்களின் வயது, அவர்கள் எந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களில் ஒருவர் எத்தனை பிள்ளைகளின் தாய் என்பனவெல்லாம் அச்செய்தியில் இருந்தன. அவர்களைத் தேடி அந்த வீட்டுக்கு வந்துபோன ஆண்களைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. இருநூறு குடும்பங்கள் வாழும் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில், வயதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்ட பிறகு பெயரைச் சொல்லாமல் விடுவதனால் யாரும் மறைக்கப்பட்டுவிடுவதில்லை. அச்செய்தியை வாசித்த நாளிலிருந்து என் மனதில் இருந்தவற்றை எழுதுகிறேன். சற்று நீளமாக இருப்பினும் சுருக்காமல் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நான் 24 ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். அவற்றில் பெரும்பகுதியை வன்னியிலுள்ள நீதவான் நீதிமன்றங்களிலேயே கழித்தேன். கூண்டில் நிற்பவருக்குக் குற்றப்பத்திரத்தை வாசித்து விளக்கி, “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை மன்றுக்குத் தெரிவிப்பது என் வேலைகளில் ஒன்று. பாலியல் தொழில் சம்பந்தமான வழக்குகளில் “சுற்றவாளி”, அதாவது குற்றம் செய்யாதவர், என்று பதில் சொன்ன பெண்களை என் விரல்களால் எண்ணிவிடலாம்.

பாலியல் தொழில் செய்வதே இந்நாட்டில் குற்றம் என்றுதான் நம்மில் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. வயது வந்த ஒருவர், தம் விருப்பப்படி, பணம் பெற்றுக்கொண்டு இன்னொருவருடன் உறவு கொள்வதை இலங்கையின் எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. ஆனால், அத்தொழிலை ஓரளவு பாதுகாப்புடன் செய்வதற்கு ஒரு பெண் எடுக்கக்கூடிய ஒவ்வொரு வழியையும் சட்டம் அடைத்து வைத்திருக்கிறது. 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பொது வீதியில் அல்லது மக்கள் கூடும் இடத்தில் அலைந்து, ஒழுங்கீனமாக அல்லது அநாகரிகமாக நடந்துகொள்ளும் “விலைமாதை” 14 நாள் வரை சிறையில் அடைக்கவோ 10 ரூபாவுக்கு மேற்படாத தண்டம் விதிக்கவோ இடமளிக்கிறது. அதே சட்டத்தின் 7 ஆம் பிரிவு, பொது இடத்தில் பாலுறவுக்கு அழைப்பு விடுப்போருக்கு ஆறு மாதம் வரை சிறையும் 100 ரூபா வரை தண்டமும் விதிக்கிறது. அவ்வருமானத்தில் வாழ்வோரை 9 ஆம் பிரிவு தண்டிக்கிறது. 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம், விடுதியை நடத்துபவரை மட்டுமன்றி அதற்கு உதவுபவரையும், தெரிந்துகொண்டே வீட்டை வாடகைக்குக் கொடுப்பவரையும் குற்றவாளியாக்குகிறது.

இவற்றில் முதலாவது சட்டம் நம் மண்ணில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1824 ஆம் ஆண்டில், போரிலிருந்து திரும்பி வேலையின்றி வீதியில் அலைந்தவர்களையும் பிச்சைக்காரர்களையும் அகற்றுவதற்காக இயற்றப்பட்ட சட்டத்தின் வாசகங்கள் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து இங்கே எழுதப்பட்டன. தண்டத் தொகையைப் பார்த்தாலே அதன் வயது தெரியும். பத்து ரூபாவுக்கு இன்று ஒரு தேநீர் கூடக் கிடையாது. ஆகவே இச்சட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சட்டத்தரணிகள் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குவதில்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாவையும் நூறு ரூபாவையும் கட்டுவதற்கு முன்னர் ஒரு பெண் எவற்றையெல்லாம் இழக்கிறாள் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், விசுவமடுவுக்கு அப்பால் எங்கோ ஓர் ஊர். பேருந்து நிலையத்துக்கு அருகில் முன்னும் பின்னுமாக நடந்து திரிந்தார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. நான் குற்றப்பத்திரத்தின் இரண்டாவது வரியை வாசித்துக்கொண்டிருந்தபோதே அவர் “குற்றவாளி ஐயா” என்று சொல்லிவிட்டார். நீதவான் என்னைப் பார்த்தார்; முழுவதையும் வாசித்துவிட்டு மறுபடி கேட்கும்படி சொன்னார். கேட்டேன். அதே பதில். கூண்டின் மரச் சட்டத்தைப் பிடித்திருந்த அவருடைய இடது மணிக்கட்டு வீங்கி, கண்ணாடி வளையல் ஒன்று அந்த வீக்கத்துக்குள் இறுகிக் கிடந்தது. வலது கையில் வளையல் இல்லை.

தண்டம் கட்டிய பின்னர் அவர் விறாந்தையில் என்னிடம் வந்து, “ஐயா, அந்தக் கடதாசியில என்ன எழுதியிருக்கினம்?” என்று கேட்டார். பொலிஸ் நிலையத்தில் அவர் கையொப்பமிட்ட வாக்குமூலத்தைப் பற்றித்தான் கேட்டார். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. வடக்கில் தமிழே நீதிமன்ற மொழி என்று அரசியலமைப்புச் சொல்கிறது. ஆனால் ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னரே, அவருக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் அவருடைய வாயிலிருந்து வந்ததாக எல்லாம் எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. கை எப்படி வீங்கியது என்று கேட்டேன். கைதாவதற்கு இரண்டு நாள் முன்னர் ஒருவன் வாகனத்தில் ஏற்றிச் சென்று, பேசிய பணத்தைக் கொடுக்காமல், கையை முறுக்கி, கைபேசியையும் பறித்துக்கொண்டு பாதி வழியில் இறக்கிவிட்டானாம். முறைப்பாடு செய்திருக்கலாமே என்றேன். அப்படிக் கேட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். “முறைப்பாடு குடுக்கப் போனா என்னைத்தானே ஐயா பிடிப்பினம்” என்றார். அவர் கோபப்படவில்லை, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருபவரைப் போலத்தான் சொன்னார்.

அந்த ஒற்றை வாக்கியத்தில் இந்தச் சட்டங்களின் விளைவு முழுவதும் அடங்கியிருக்கிறது. பாலியல் தொழில் செய்யும் பெண்ணை ஒருவன் அடித்தால் அது அடிதடி. பணத்தைப் பறித்தால் அது கொள்ளை. அவள் சம்மதமின்றி உறவு கொண்டால் அது வல்லுறவு. தண்டனைச் சட்டக்கோவையில் இவற்றுக்கெல்லாம் பிரிவுகள் உண்டு; அவள் செய்யும் தொழில் காரணமாக அவளுக்கு அவை பொருந்தாது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் பொலிஸ் நிலையத்தின் படியில் ஏறி, “அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?” என்ற முதலாவது கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னாலே அவள் சந்தேக நபராகிவிடுகிறாள். இது அவளை அடிப்பவனுக்கும் தெரியும். இரக்கமற்ற ஆண்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். தாங்கள் என்ன செய்தாலும் முறைப்பாடு வராது என்ற துணிவை அவர்களுக்குக் கொடுத்திருப்பது இந்தச் சட்டம்.

தொழிலின் நாளாந்த நிலைமையும் இதே காரணத்தால்தான் கெட்டுப்போகிறது. வீதியில் நிற்கும் பெண்ணுக்கு, வந்து நிற்கும் வாகனத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்க்கவும், அவன் குடித்திருக்கிறானா, பின்னால் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கவனிக்கவும், எங்கே போவது, எவ்வளவு பணம், ஆணுறை அணிவானா என்று பேசி முடிக்கவும் சில நிமிடங்களாவது வேண்டும். பொது இடத்தில் அழைப்பு விடுப்பது குற்றமாக இருக்கும்போது அந்தச் சில நிமிடங்களே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அவள் முதலில் ஏறிக்கொள்கிறாள், பிறகு பேசுகிறாள். வன்னியின் நிலவமைப்பை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பிரதான வீதியிலிருந்து திரும்பினால் ஐந்து நிமிடத்தில் காடும் வயல்வெளியும் குளக்கட்டும்தான். கூப்பிட்டாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. இப்போது பலர் வீதிக்கு வராமல் வட்ஸ்அப் மூலம் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள் என்றும் அறிகிறேன். அதிலும், போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்பது போன பிறகுதான் தெரியவருகிறது.

இரண்டு மூன்று பெண்கள் ஒன்றாக ஒரு வீட்டை எடுத்து, ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே காவலாக இருப்பது இத்தொழிலில் இருக்கும் மிகப் பாதுகாப்பான வழி. சட்டத்தின் பார்வையில் அதுதான் விபசார விடுதி. கதவைத் திறந்துவிட்டவர் விடுதி நடத்த உதவியவர். வீட்டுக்காரர் மீதும் வழக்கு வரும் என்பதால் நேர்மையான வீட்டுக்காரர் வீடு கொடுப்பதில்லை. கொடுப்பவர் அந்த ஆபத்துக்கும் சேர்த்து வாடகையைக் கூட்டிக் கேட்பார்; விரும்பிய நேரத்தில் வெளியேறச் சொல்வார்; அதற்கு எதிராக எந்தப் பெண்ணும் எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. இடைத்தரகர்கள் வளர்வதும் இதனால்தான். தனியாகவோ தோழிகளுடனோ இயங்க முடியாதபடி சட்டம் பார்த்துக்கொள்ளும்போது, பொலிஸைச் சமாளிக்கிறேன், பிணைக்கு ஆள் தருகிறேன் என்று சொல்பவனிடம் அவள் போய்ச் சேருகிறாள். சட்டம் ஒழிக்க நினைத்ததாகச் சொல்லப்படும் சுரண்டலை அதே சட்டம் சோறூட்டி வளர்க்கிறது.

ஆணுறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இப்பெண்களுக்கு ஆணுறைகளை இலவசமாகக் கொடுக்கின்றன. அப்பணியைச் செய்யும் ஊழியர்களை நான் மதிக்கிறேன். அதே ஆணுறைகள் கைப்பையில் இருந்தமை, அந்தப் பெண் எதற்காக அங்கே நின்றாள் என்பதற்கான சான்றாகப் பொலிஸ் அறிக்கைகளில் எழுதப்பட்டிருந்ததை நான் வாசித்து மொழிபெயர்த்திருக்கிறேன். அரசின் ஒரு கை கொடுப்பதை மற்றக் கை தடயப் பொருளாக்கினால், அடுத்த முறை அவள் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அதன் பலன் அவளோடு நிற்பதில்லை, அவளிடம் வருகிற ஆண்களின் மனைவிமாருக்கும் போய்ச் சேருகிறது. பாலியல் தொழிலைக் குற்றநீக்கம் செய்வது பத்து ஆண்டுகளில் பாலியல் தொழிலாளர்களிடையேயும் அவர்களுடைய வாடிக்கையாளர்களிடையேயும் ஏற்படும் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 வீதம் வரை தவிர்க்கக்கூடும் என்று 2014 ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொடர் மதிப்பிட்டது.

தண்டத்துடன் முடியாத வழக்குகளும் உண்டு. நுகேகொடை கங்கொடவிலவில் உள்ள தடுப்பு இல்லத்துக்கு நீதிமன்றம் ஒரு பெண்ணை அனுப்பலாம். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால், அவர் பேசாத மொழி பேசப்படும் இடத்தில், அவருடைய பிள்ளைகள் ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாத தூரத்தில் அது இருக்கிறது. சிறைத் தண்டனைக்காவது முடியும் திகதி ஒன்று உண்டு. எப்போது வெளியே விடுவார்கள் என்று திகதி சொல்ல முடியாத ஓர் இடத்துக்குத் தாயை அனுப்பிவிட்டு வந்த ஒரு மூதாட்டி, பேரப்பிள்ளையைக் கையில் பிடித்தபடி நீதிமன்ற வாசலில் நின்றதை நான் மறக்கவில்லை.

இவர்கள் யார் என்று வாசகர்கள் கேட்கலாம். 2010 ஆம் ஆண்டில் அப்போதைய பிரதி அமைச்சர் ஒருவர், வடக்கிலும் கிழக்கிலும் போரினால் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று கூறியிருந்தார். போரினால் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறியவர்களில் பலர் கூரையில்லாத காணிகளுக்குத்தான் திரும்பினார்கள். அதன் பிறகு நுண்நிதிக் கடன் வந்தது. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளரும் வந்தார். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசு அறிவிக்கும் அளவுக்கு அது முற்றிப்போயிருந்தது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிபொருளும் அரிசியும் விற்ற விலையை எல்லோரும் அறிவோம். இத்தொழிலுக்கு வந்த சிலருடைய கதை இவற்றிலிருந்து தொடங்குகிறது. எல்லோருடைய கதையும் அதுவல்ல. ஆயினும், தன் துயரக் கதையைச் சொல்லி நம் கண்ணீரைச் சம்பாதித்தால்தான் ஒரு பெண்ணுக்கு அடிபடாமல் இருக்கும் உரிமை கிடைக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அவர் ஏன் இத்தொழிலுக்கு வந்தார் என்பது அவருடைய விடயம். அவருடைய கையை முறுக்கியவனைப் பிடிப்பது அரசின் கடமை. திருநங்கைகளும் இதே 1841 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சில வேளைகளில் வீதியில் நடந்தமைக்காகவே, பிடிக்கப்படுகிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

வேறு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. நியூசிலாந்தின் நாடாளுமன்றம் 2003 ஆம் ஆண்டில், 60 க்கு 59 என்ற ஒரு வாக்கு வித்தியாசத்தில், பாலியல் தொழிலைக் குற்றச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. நான்கு பேர் வரை ஒருவர் மற்றவருக்கு முதலாளியாக இல்லாமல் ஒரே இடத்தில் சேர்ந்து தொழில் செய்ய அங்கே உரிமம் தேவையில்லை. பணம் பெற்ற பின்னரும், எந்தக் கட்டத்திலும், உறவை மறுக்கும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2008 இல் வெளியான மீளாய்வுக் குழுவின் அறிக்கை, தொழில் செய்வோரின் எண்ணிக்கை அச்சட்டத்தால் பெருகவில்லை என்று கண்டது. வாடிக்கையாளரை மறுப்பது முன்னரைவிட எளிதாகியிருக்கிறது என்று அதற்கான ஆய்வில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் கூறினார்கள். 2014 இல் வெலிங்டனில் ஒரு பாலியல் தொழிலாளி, தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய விடுதி நடத்துநருக்கு எதிராக மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்குச் சென்று 25,000 நியூசிலாந்து டொலர் இழப்பீடு பெற்றார். விறாந்தையில் என்னிடம் பேசிய பெண்ணை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். அச்சட்டத்திலும் குறை உண்டு: தற்காலிக விசாவில் வந்தவர்கள் இத்தொழிலைச் செய்ய அது இடமளிக்கவில்லை, ஆகவே அவர்கள் இன்னும் நம் பெண்களைப் போலவே முறைப்பாடு செய்யப் பயப்படுகிறார்கள்.

விற்பவரை விட்டு வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் சுவீடனின் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கே கொண்டுவரலாம் என்று நல்லெண்ணத்துடன் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெண்ணைக் கைது செய்யாமல் விடுவது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் வாங்க வருபவன் பிடிபடப் பயந்தால், அவன் பெயரைச் சொல்ல மாட்டான், தொலைபேசி இலக்கத்தைத் தர மாட்டான், வெளிச்சமான இடத்தில் நிற்க மாட்டான். நான் மேலே சொன்ன அந்தச் சில நிமிடங்கள் அப்போதும் அவளுக்குக் கிடைக்காது.

பக்கத்து இந்தியாவில் சட்டம் இன்னும் கடுமையாகவே இருக்கிறது. ஆயினும் 2022 மே 19 ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, பாலியல் தொழிலாளர்களைப் பொலிஸார் கண்ணியத்துடன் நடத்த வேண்டும் என்றும், பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு பாலியல் தொழிலாளிக்கு ஏனைய பெண்களுக்குக் கிடைக்கும் எல்லா உதவிகளும் கிடைக்க வேண்டும் என்றும், ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்றும், முற்றுகைகளின்போது அவர்களுடைய அடையாளம் வெளிப்படாதபடி ஊடகங்கள் நடந்துகொள்ள வேண்டும் என்றும் கூறியது. சட்டத்தை மாற்றாமலே இவ்வளவையும் செய்ய முடியும் என்பதற்காகவே அதைக் குறிப்பிடுகிறேன்.

சட்டத்தைத் தளர்த்தினால் சிறுமிகளும் கடத்தப்பட்டவர்களும் என்னாவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதை நான் ஒருபோதும் தட்டிக்கழிக்க மாட்டேன். சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதற்கு எதிரான பிரிவும், ஆட்கடத்தலுக்கு எதிரான பிரிவும் 1995 ஆம், 2006 ஆம் ஆண்டுத் திருத்தங்கள் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றில் ஓர் எழுத்தையும் நீக்கும்படி நான் கேட்கவில்லை. அவற்றை முழு வலிமையுடன் பயன்படுத்த வேண்டும் என்றே கேட்கிறேன். ஒரு விடுதிக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று கொண்டுவரப்பட்டிருப்பதை முதலில் காண்பவர் யார்? அந்த விடுதிக்குப் போய்வரும் வயது வந்த பெண். அவர் பொலிஸாரிடம் போய் அதைச் சொல்ல முடியாதபடி செய்திருப்பது எது? 1841 ஆம் ஆண்டுச் சட்டம். கலாசாரத்தைக் காப்பாற்ற இச்சட்டம் வேண்டும் என்று வாதிடுவோரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே, வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் இருந்து தெரிவான நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் இப்பிரிவுகளை நீக்கவும், முதலாளி இல்லாமல் தமக்குள் சேர்ந்து வாழும் பெண்களை விடுதிச் சட்டத்திலிருந்து விலக்கவும் பிரேரணை கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காலம் எடுக்கும். அதற்கு முன்னர் செய்யக்கூடியவை உண்டு. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்க வேண்டும். ஆணுறையைத் தடயமாக எழுதக்கூடாது என்று பொலிஸ் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். குற்றப்பத்திரம் வாசிக்கப்படுவதற்கு முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் அந்தப் பெண்ணுடன் பத்து நிமிடம் பேசினால், “சுற்றவாளி” என்ற சொல்லும் அந்தக் கூண்டிலிருந்து கேட்கத் தொடங்கும். வீதியில் நடந்தது குற்றமல்ல, ஒழுங்கீனமாக நடந்ததை நிரூபிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்லக்கூடாது என்பது விதி. விதியின்படி நடந்தேன் என்பது இன்று எனக்கு ஆறுதலாக இல்லை.

தங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முற்றுகைச் செய்தி தங்கள் மேசைக்கு வரும்போது, கிராமத்தின் பெயரையும் வயதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் படத்தையும் நீக்கிவிட்டு வெளியிடுங்கள். அந்தப் பெண்கள் அந்த மாதத்தில் யாராலாவது தாக்கப்பட்டார்களா, அதற்கு முறைப்பாடு பதியப்பட்டதா என்று தங்கள் செய்தியாளரைப் பொலிஸ் நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
கிளிநொச்சி மாவட்டம்.